துவைக்கும் அறையில் ஒரு பாஞ்சோ

விடுதியில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். நர்சிங் மாணவிகள் எல்லோருமே சட்டையில் ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்திக்கொள்கிறவர்கள்தான். குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும், நோயாளியின் நாடியை எண்ண வசதி. மற்றவர்கள் வார்டை விட்டு வந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். இவள் சாப்பிடும்போதும் அதைக் குனிந்து குனிந்து பார்ப்பாள். காலையில் வகுப்பு, பிறகு வார்டு, சாயங்காலம் மருந்துக்கடையில் பகுதிநேர வேலை, திரும்பி வந்தால் படிப்பு. மூச்சு விடக்கூட நேரம் ஒதுக்க வேண்டிய நிலைமை என்றால் அவளும்தான் என்ன செய்வாள்?

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். ஆரம்ப சூரி. வைத்தவள் அக்கா. ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வாங்கிய வண்ணமெல்லாம் டப்பாவுக்குள்ளேயே காய்ந்து கல்லாகிவிட்டது. நீச்சல், குளத்தின் ஆழமில்லாத பக்கத்தைத் தாண்டவில்லை. அப்பாவுக்கென்று பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் ஒரு கையோடு நின்றுபோய் இன்றைக்கும் அலமாரியில் கிடக்கிறது. அக்கா வங்கியில் வேலை பார்க்கிறவள். பொய் சொல்ல மாட்டாள், அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம். தங்கை நர்சிங்கில் சேர்ந்த அன்று, "இதையாவது முடிப்பியாடி?" என்றுதான் வழியனுப்பினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததுதான் இவளுக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

விடுதியின் சாமான் அறையைக் காலி செய்தபோது அந்த பாஞ்சோ கிடைத்தது. படிப்பு முடித்துப் போன யாரோ விட்டுப்போனது. மேளம் மாதிரி வட்டமாகத் தோல் போர்த்திய வயிறு, நீளக் கழுத்து, ஐந்து கம்பிகள். அதில் ஒரு கம்பி மட்டும் பாதிக் கழுத்தோடு நின்றுவிடும். அதைப் பார்த்ததுமே, அட, நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

"வேணும்னா எடுத்துட்டுப் போம்மா. இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு," என்றார் வார்டன்.

எடுத்தாயிற்று. எங்கே வைத்து வாசிப்பது? அறைத்தோழிக்கு அப்போது இரவு டியூட்டி. பகலெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். பாஞ்சோவுக்கோ மெல்லப் பேசவே தெரியாது. முதல் தடவை ஒரு கம்பியைத் தொட்டதற்கே போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உனக்குப் புண்ணியமாப் போகும். அதை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைச்சுட்டு வா."

இவள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே நேரம், துணி துவைக்கிற நேரம்தான். கீழ்த்தளத்தில் துவைக்கும் அறை. துணியைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட முடியாது. இயந்திரம் நின்ற மறுகணம் அடுத்தவள் வந்து உன் ஈரத்துணியைத் தரையில் போட்டுவிட்டுத் தன் துணியை உள்ளே தள்ளிவிடுவாள். காவல் இருந்தே ஆக வேண்டும். அந்தக் காவல் நேரத்தில்தான் கடிகாரம் பாஞ்சோ கற்றுக்கொண்டாள். ஆசை முற்றியதும் அழுக்குத் துணி போதவில்லை. திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு ஓடினாள், தலையணை உறையைக் கொண்டு ஓடினாள். அந்த வருஷம் விடுதியிலேயே பளிச்சென்று இருந்தது இவள் அறைதான்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கைபேசியைச் சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, யாரோ வாசிக்கிற வீடியோவைப் பார்ப்பாள். இயந்திரம் போடுகிற சத்தத்தில் பாட்டு ஒரு துளி கேட்காது. விரல்களை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகினாள். தாளத்துக்கு இயந்திரமே இருந்தது. பழைய இயந்திரம், ஒரு கால் குட்டை, சுற்றும்போதெல்லாம் தடக் தடக் என்று தரையைத் தட்டும். அதோடு சேர்ந்து இவள் கட்டைவிரலும் விழும். அடி தப்பாமல் விழுந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, தேர்வில் தேறியபோதுகூட வரவில்லை.

கடைசி வருஷம் படிக்கிற கிடார்க்காரி ஒரு நாள் பக்கெட்டோடு படியிறங்கி வந்தவள், பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆண்டு விழாவுல இந்தப் பாட்டை எங்களோட வாசிக்கிறியா? நான் கிடார், என் தோழி பாடுவா. நீயும் இருந்தா ஜோரா இருக்கும்."

கடிகாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, நீ கண்டிப்பா வரணும்." அம்மா தையல்கடையில் லீவு சொல்லிவிட்டுப் பயணத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். போனில் அம்மாவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "விழா வரைக்கும் தாங்குமான்னு கேளும்மா!"

முதல் ஒத்திகையிலேயே மானம் போயிற்று. தொடக்கம் அமர்க்களம். பாதிப் பாட்டில் இவள் கை ஓட ஆரம்பித்தது. கிடார் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது. பாடுகிறவள் வார்த்தைகளை விழுங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வாயை மூடிக்கொண்டாள். முடிவு வந்து கிடார் நின்றபின்னும் இவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள்.

"நல்லாத்தான் ஆரம்பிக்கிறே. நடுவுல ஏன் ஓடுறே? நாய் துரத்துதா?" என்றாள் கிடார்க்காரி.

"நான் எங்கேக்கா ஓடினேன்?"

"சரிதான் போ. முடிக்கிற இடத்துல நிறுத்தவும் மாட்டேங்கிறே. அடுத்த ஒத்திகையிலயும் இப்படின்னா நாங்க ரெண்டு பேருமே பார்த்துக்கிறோம். தப்பா நினைக்காதே."

மற்றது எதுவும் உறைக்கவில்லை. நல்லாத்தான் ஆரம்பிக்கிறே என்றாளே, அது போதாதா? அக்கா வைத்த பெயரையே இவளும் சொன்ன மாதிரி இருந்தது.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு துணிமூட்டையோடு கீழே போனாள். இயந்திரத்தைப் போட்டாள், வாசித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பாதிப் பாட்டில் கை வேகம் பிடித்தபோது எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தாள். இயந்திரம் துணி பிழிய ஆரம்பித்திருந்தது. தடக் தடக் போய் தடதடதடவென்று அந்தக் குட்டைக் கால் குதித்துக்கொண்டிருந்தது. அதற்குச் சமமாக இவள் விரலும் குதித்துக்கொண்டிருந்தது. பிறகு கீச்சென்று கூவிவிட்டு இயந்திரம் நின்றது. இவள் கையும் நின்றது. பாட்டின் நடுவில், ஒரு வரி பாக்கி இருக்கும்போதே, துணியை எடுக்க அவள் எழுந்தும் விட்டாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள். இத்தனை மாதமும் ஒரு தடவைகூட அந்தப் பாட்டின் முடிவை அவள் வாசித்ததே இல்லை. துவைக்கிற நேரமெல்லாம் தொடக்கத்தையே திரும்பத் திரும்பப் பழகுவாள், முழுப் பாட்டையும் எடுக்கும்போது துணி முந்திக்கொள்ளும், வீடியோவை அணைத்துவிட்டு இவள் போய்விடுவாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பிழிந்த துணியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள்.

அதன்பின் இயந்திரம் ஓடாத நேரம் பார்த்து இறங்க வேண்டியிருந்தது. பக்கெட்டோடு வருகிறவர்களை வாசலில் மறித்து, "ஒரே ஒரு தடவை முடிச்சுக்கிறேன், அப்புறம் போடு," என்று கெஞ்சினாள். "உனக்கென்ன பைத்தியமா? துவைக்கிற ரூம்ல துவைக்கக் கூடாதா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் தடக் தடக் இல்லாமல் கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தொடக்கமே தள்ளாடியது. இதையும் மூட்டை கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அம்மா லீவு சொல்லிவிட்டாளே என்பதுதான் தடுத்தது.

வார்டில், கால் எலும்பு முறிந்து படுத்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு அவள் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். விரலடியில் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. கண் கடிகாரமுள்ளின் மேல். காலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை.

"என்ன பாப்பா, நாடி பாக்குறியா, தாளம் போடுறியா?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டும்தாண்ணா," என்றாள். எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அன்றிலிருந்து சட்டையில் தொங்கிய கடிகாரத்தின் முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டே வாசிக்கலானாள். அடுத்த ஒத்திகையில் கிடார்க்காரி பாராட்டவில்லை, விரட்டவும் இல்லை. "பரவாயில்ல. முடிவை மட்டும் பார்த்துக்கோ," என்றாள்.

விழா அன்று அம்மா இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஆரம்பித்தது. பாதி வந்ததும் விரல்கள் ஓடத் துடித்தன. அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள், இழுத்துப் பிடித்தாள். கடைசி வரி வந்தது. இவ்வளவு தூரம் வந்து விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அவள் கை ஒரு கணம் தயங்கியது. பாட்டு முடிந்தது, கிடாரும் முடிந்தது. எல்லாம் அடங்கிய பிறகு பாஞ்சோ மட்டும் டங் என்று தனியாக ஒரு தடவை ஒலித்துவிட்டு நின்றது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "எல்லாரும் நிறுத்தின பிறகு கடைசியா ஒண்ணு கேட்டுச்சே, அது நீதானே?"

"ஆமாம்மா. அது தப்பு. லேட்டாயிடுச்சு."

"லேட்டானா என்ன? முடிச்சுட்டேல்ல."

சொல்லிவிட்டு அம்மா பையிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். "உன் தங்கச்சி முடிச்சுட்டாடி. என் கண்ணால பார்த்தேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சொன்னாள். "நிஜமாவா? சரி, அந்த ஸ்வெட்டரோட இன்னொரு கை எப்போன்னு கேளு."

"வைடி போனை," என்றாள் அம்மா. "இப்பத்தான் ஒண்ணை முடிச்சிருக்கா. பிள்ளை கொஞ்சம் மூச்சு விடட்டும்."