பலகையை எடுக்க மறந்த ஊர்

அக்கா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுவாரம், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அக்காவின் வீட்டுச் சமையலறையில் வைத்து அவளுடைய மகள் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சை வயலின் நடுவே வெள்ளைக் கம்பளி போர்த்திய ஒரு வட்டக் கூடாரம். மங்கோலிய நாடோடிகளின் கூடாரத்தைப் போலவே அமைத்திருக்கிறார்களாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு மூன்று நாட்கள் அங்கே தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்தாள்.

“நீங்களும் வாங்கோ மாமா. அம்மா இருந்திருந்தா கட்டாயம் வந்திருப்பா.”

வந்திருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். காரணத்தை அக்கா தன் மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். முழங்கால் வலியென்று சொல்லி மறுத்துவிட்டேன்.

நாடோடிகளின் கூடாரமொன்றில் நான் ஏற்கெனவே ஓர் இரவு தங்கியவன். எனக்கு அப்போது ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கிங்ஸ்பரியில், வீட்டுக்காரி கீழே இருக்க, மேல்மாடியில் இரண்டு அறைகளில் வாடகைக்குக் குடியிருந்தோம். பழைய கார் ஒன்றை வாங்கிய அந்த ஆகஸ்ட் மாதத்தில், பிள்ளைகளுக்கு இந்த நாட்டுக் கடலைக் காட்டவேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். அப்பாவின் தீர்மானங்கள் எப்போதும் கழுத்துப்பட்டி அணிந்தே புறப்படும். அம்மா புளிச்சோறும் பயற்றம் பணியாரமும் கட்டிக்கொண்டார்.

மேற்குக் கரையில் இருந்த அந்தச் சிற்றூரின் பெயரை இங்கே எழுதவேண்டியதில்லை. கடல் கண்ணில் படுவதற்கு முன்பே தெருவின் இருமருங்கிலும் பயணிகள் தங்கும் வீடுகள் தொடங்கிவிட்டன. சன்னல்களில் ‘அறை உண்டு’ என்று அறிவிக்கும் சிறு பலகைகள் தொங்கின. ஆங்கிலம் வாசிக்கும் பெருமை எனக்குப் புதிது. பலகையைக் கண்டவுடன் உரக்க வாசிப்பேன். அப்பா காரை நிறுத்துவார். கழுத்துப்பட்டியைத் தொட்டுச் சரிசெய்வார். பூஞ்செடிகளுக்கிடையே நடந்துபோய் மணியை அழுத்துவார். கதவு திறக்கும், அப்பா தொப்பியை உயர்த்துவார், கதவு மூடிக்கொள்ளும்.

“நிரம்பிட்டுதாம். பலகையை எடுக்க மறந்திட்டினமாம்” என்று சொல்லியபடி காருக்குள் ஏறுவார்.

நான்காவது வீட்டுக்குப் பிறகு, இத்தனை மறதிக்காரர்கள் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று வியந்தேன். அம்மா மடியிலிருந்த சோற்றுப் பொதியின் முடிச்சை அவிழ்ப்பதும் மீண்டும் கட்டுவதுமாக இருந்தார். ஆறாவது பலகையை நான் வாசித்தபோது அக்கா என் கண்களைப் பொத்தினாள்.

“இனிப் பாக்காத. பாத்தியெண்டா நீ கழுதை.”

கழுதையாவதில் எனக்கு ஆட்சேபனை இருக்கவில்லை. அவளுடைய விரலிடுக்கால் இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தேன். அப்பா அவற்றுக்கும் இறங்கிப் போனார். நான் வாசித்துவிட்டேனல்லவா? போகாமல் விட்டால், ஏன் என்று கேட்பேன்.

ஊரைவிட்டு வெளியேறிச் சில மைல்கள் வந்ததும் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி எழுந்தது. தெருவோரப் புல்வெளியில் ஒரு லொறியும் இரண்டு கூடாரங்களும் தெரிந்தன. ஆங்கிலேயர் ஜிப்சிகள் என்று அழைக்கும் மக்கள் அவர்கள். பருவத்துக்குப் பருவம் தோட்ட வேலை தேடி ஊர் மாறுபவர்கள். தண்ணீர் கேட்கப் போன அப்பாவோடு ஒரு பெண் திரும்பி வந்தாள். குனிந்து, எங்கள் இருவரையும் அம்மாவின் மடியிலிருந்த பொதியையும் பார்த்தாள். எதுவும் விசாரிக்காமல் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

அவளுடைய மகன் வேறொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்ததால் அவனுடைய கூடாரம் காலியாக இருந்தது. வளைத்து மண்ணில் ஊன்றிய தடிகள், மேலே தடித்த கித்தான், நடுவில் இரும்பு அடுப்பு, தரையில் வைக்கோலும் அதன்மீது கம்பளங்களும். அம்மா வாசலில் சற்றுத் தயங்கினார். பிறகு உள்ளே வந்து, கை கழுவுவதற்காக அங்கிருந்த இரண்டு பாத்திரங்களில் ஒன்றை நோக்கிக் குனிந்தார். அந்தப் பெண் பாய்ந்து தடுத்தாள். ஒன்று கோப்பைகளுக்கு, மற்றது கைகளுக்கு என்று சைகையால் விளக்கினாள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“இஞ்சருங்கோ, பாத்தியளே! கோப்பை கழுவுறது வேற, கை கழுவுறது வேற. எங்கட வீட்டுக்காரி எல்லாத்தையும் ஒரே தொட்டியில எல்லோ அலம்புறா!”

“மெல்லக் கதையும். அவைக்குக் கேக்கும்.”

“கேட்டா என்ன? தமிழ் விளங்குமே? நல்லதைத்தானே சொல்லுறன்.”

யாழ்ப்பாணத்தில், இப்படி அலைந்து வாழும் பெண்கள் தாகத்துக்கு வந்தால், வாசற்படலைக்கு வெளியே நிறுத்தி, செம்பை உயர்த்தி அவர்களுடைய கைகளில் தண்ணீர் ஊற்றியவர் அம்மா. அன்று அந்தப் பெண்ணின் கோப்பையில் இரண்டு முறை தேநீர் வாங்கிக் குடித்தார். பணியாரம் முழுவதையும் அவளிடம் கொடுத்தார். அதைப்பற்றிப் பின்னர் என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை.

அப்பா கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். நால்வரும் ஒரே வரிசையில் படுத்தோம்: வாசலோரம் அப்பா, அடுத்து அம்மா, அக்கா, கடைசியில் நான். கித்தான்மேல் மழை விழுந்தது. அக்கா தன் போர்வையில் பாதியை என்மேல் இழுத்துவிட்டாள். இவ்வளவு நல்ல இடத்தைத் தேடிப்பிடித்த அப்பாவின் கெட்டித்தனத்தை மெச்சியபடியே தூங்கிப்போனேன். அதன்பின் எத்தனையோ வீடுகளில் படுத்திருக்கிறேன், அப்படி உறங்கியதில்லை. இப்போது அந்த வரிசையில் மிஞ்சியிருப்பவன் நான் மட்டும்.

காலையில் அந்தப் பெண்ணின் கணவர் காரின் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நேற்று எத்தனை வீடுகளில் கேட்டுப் பார்த்தீர்கள் என்று தலை நிமிராமலே அப்பாவிடம் விசாரித்தார்.

இரண்டு மூன்று இருக்கும் என்றார் அப்பா.

அப்பா கணக்கில் தவறியதை நான் அதுவரை கண்டதில்லை. எட்டு என்று திருத்தினேன். அந்த மனிதருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்ற ஐயத்தில், எட்டு விரல்களை உயர்த்திக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. மறுபடியும் குழாயை நோக்கிக் குனிந்துகொண்டார்.

அக்கா என் காதைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“பெரிய கணக்குப் புலி! வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதே உனக்கு?”

“எட்டுத்தானே?”

“ஓம்,” என்று காதை விட்டாள். “எட்டுத்தான்.”

கடலைப் பார்க்காமலே லண்டனுக்குத் திரும்பினோம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அப்பா. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னிலையில்கூட, கூடாரத்துக்கு எப்போது போவோம் என்று நான் நச்சரித்தேன். “பிள்ளையளுக்கு ஒரு அனுபவமா இருக்கட்டுமெண்டு கூட்டிக்கொண்டு போனனான்” என்று அப்பா அவர்களுக்கு விளக்கமளிப்பார். அந்த எட்டு வீடுகளிலும் நடந்தது என்ன என்பது, படிப்பு முடிந்து நானே அறை தேடி அலைந்து, என் நிறத்தைக் கண்டதும் அறைகள் நிரம்பிப்போன வருடத்தில்தான் எனக்குப் புலப்பட்டது. நேரே அக்காவிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ ஒருத்தனாவது சந்தோசமா இருந்தனி. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்” என்றாள். பிறகு தேநீர் வைக்க எழுந்து போனாள்.

கூடாரத்திலிருந்து லண்டனுக்குத் திரும்பிய அந்தப் பயணத்தில், காரோட்டியின் தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தெரியும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். புறப்பட்ட சிறிது நேரத்தில் அக்கா என்னைச் சன்னலோரத்துக்குத் தள்ளிவிட்டு வெளியே கையை நீட்டினாள். “அங்க பார், மான்!” பார்த்தேன், வேலி மட்டும் ஓடியது. “இஞ்சால பார், இன்னொண்டு!” பார்த்தேன், அறுவடை முடிந்த வயல். லண்டன் வரும்வரை அவள் ஓயவில்லை; ஒரு மானையும் நான் காணவில்லை. அக்காவுக்குக் கண்பார்வை குறைந்து வருகிறது, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.