ஆய்வு நாளன்று வந்த பெஞ்சுகள்

அறுபதுகளின் கடைசியில் தாமலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வயது இருபத்திரண்டு. காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஐந்து வகுப்புகளுக்குத் தலைமையாசிரியரும் நானும்தான். மூன்று அறைகளில் ஒன்று ஓடு சரிந்து பூட்டிக் கிடந்தது. மற்ற இரண்டில் பிள்ளைகள் மண்தரையில் உட்கார்ந்தார்கள். கூரையைச் சரிசெய்யக் கேட்டுத் தலைமையாசிரியர் வருஷா வருஷம் மனு எழுதினார். பதில் வந்ததில்லை.

கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளன்று காலை நான் போனபோது வாசலில் மாட்டு வண்டி நின்றது. டவுன் பள்ளி ஒன்றிலிருந்து பெஞ்சுகளும் கரும்பலகையும் தேசப்படமும் இறங்கிக்கொண்டிருந்தன.

"இது எதுக்கு சார்?"

"வசதி இல்லன்னு எழுதிட்டா ஸ்கூலையே மூடிடுவாங்கம்மா. அப்புறம் இந்தப் பசங்க எங்க போவும்? நீங்க ஒண்ணும் பேசிக்கினு இருக்காதீங்க."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அடுத்த பள்ளிக்கு ஏரிக்கரை மேல் வெகுதூரம் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். தலையாட்டினேன்.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பழகாத பிள்ளைகள் விறைத்துப் போய் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பூட்டிய அறையில் என்ன என்று கேட்டார்.

"பழைய சாமான் கிடக்குதுங்க" என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரி என் மேசையில் நோட்டைத் திறந்து எழுதினார். 'கட்டடமும் தளவாடங்களும் போதுமானவை.' பக்கத்தில் நின்ற எனக்கு அந்த வரி தெரிந்தது. அது மேலே போய்விட்டால் இனி எங்கள் மனுவை யார் பிரிப்பார்கள்? என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"சார், இந்த பெஞ்சு எங்களோடது இல்ல" என்றேன். "காலையிலதான் வண்டியில வந்துது. சாயந்திரம் திரும்பிப் போயிடும்."

பேனா நின்றது. அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"என்ன இது?"

"ஆமாங்க" என்றார் தலைமையாசிரியர். சாவியை எடுத்து அந்த அறையைத் தானே திறந்து காட்டினார். உள்ளே உடைந்த ஓடுகள், கரையான் அரித்த கூரைக் கைமரம், அதற்கு மேலே வானம்.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். எழுதியதை அடித்தார். நின்றபடியே வேறு எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பத்து நாளில் எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது. அதிகாரியை ஏமாற்றப் பார்த்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். அதுவரை என்னோடு பேசாமலிருந்த தலைமையாசிரியர் என் மெமோவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பெஞ்சு கொண்டாந்தது நான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிடறேன்."

"எனக்குத் தெரியுமே சார்."

"தெரிஞ்சதத்தான் சொல்லிட்டீங்களே. போய் கிளாஸப் பாருங்கம்மா."

அவருடைய இன்கிரிமெண்ட்டை ஒரு வருஷம் நிறுத்தினார்கள். பள்ளியை மூடவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மூன்று அறைகளுக்கும் புது ஓடு வந்தது. பெஞ்சு மட்டும், நான் மாறுதலாகிப் போகும்வரை வரவில்லை. இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தோம்.