அரக்குப் பனியன்களின் மழைக்காலம்

சூடான புளிப்பு ஆவி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் சரி. ஒரே ஊரில் கால் தரிக்கிற ஆள் இல்லை நான். போன மாதம் சேலத்தில் ஏதோ ஒரு சந்தில் நடந்துகொண்டிருந்தேன். யாரோ வீட்டுக் கொல்லையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஆசிடும் ஈரப் பட்டும் விறகுப் புகையும் ஒன்றாகக் கலந்து சுவரேறிக் குதித்து வந்தன. நின்றுவிட்டேன். வாயைத் திறந்தால் ஒரு கூச்சல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஐம்பதை நெருங்குகிறவன் தெரியாத ஊர்ச் சந்தில் நின்று கத்தினால் நாய்கூட மதிக்காது. கூச்சலை விழுங்கிக்கொண்டு நடந்தேன். பெரிய காஞ்சிபுரத்தின் ஒரு தெரு முழுக்க என் தொண்டை வழியாக இறங்கிப் போயிற்று.

அந்த நெடிதான் எங்கள் மன்றத்தின் நெடி. எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு ஒரு ரசிகர் மன்றம் வைத்திருந்தோம். சொன்னால் ஊரே சிரிக்கும்.

"சினிமாக்காரருக்கு மன்றம் வெச்சா படம் ரிலீஸுக்கு மொத ஆட்டமாவது பாக்கலாம். பந்துக்கு மன்றம் வெச்சி இன்னாபா பண்ணப்போறீங்க?" என்று மைதானத்தில் வேர்க்கடலை விற்கிற அம்மா கேட்பாள். பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து கூடையோடு நடந்தே வருகிறவள். எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. விட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மன்றம் என்பது தறியை விட்டு எழுந்து வந்த இளவட்டங்கள் நாங்கள் கொஞ்சம் பேர். எங்கள் தெருவில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்தான் எங்களுக்குத் தலைவர். எல்லாருக்கும் அண்ணன். முழங்கை வரை அரக்குச் சிவப்பு ஊறிப்போன கைகள். அவர் கும்பிட்டால் எதிரே நிற்கிறவர் ஒரு கணம் பதறுவார், ரத்தமோ என்று. அவருடைய ஒரே தம்பி எங்கள் அணியின் லெஃப்ட் அவுட். இடது கோட்டை ஒட்டி அவன் பந்தோடு ஓடும்போது தரையில் கால் படுகிறதா என்று எனக்குச் சந்தேகம் வரும். தாய் தகப்பன் இல்லாத வீடு. அண்ணன் வடிப்பார், தம்பி தின்பான். தம்பி ஓடுவான், அண்ணன் கத்துவார். அப்படித்தான் அந்த வீடு நடந்தது.

எங்களிடம் மேளம் கிடையாது. மண்ணெண்ணெய் டின் ஒன்று இருந்தது. தறியில் இழையை அடித்து நெருக்குகிற பலகை இரண்டு தட்டு தட்டும், ஒரு மூச்சு நிற்கும், மறுபடி இரண்டு தட்டும். நாள் முழுக்க உடம்பில் ஓடுகிற அந்தத் தாளம்தான் மைதானத்திலும் கையில் வரும். நாங்கள் சேர்ந்து தட்ட ஆரம்பித்தால் கோட்டுக்கு வெளியே ஒரு பெரிய தறி ஓடுகிற மாதிரி இருக்கும். தெலுங்கு வீட்டுப் பையன்கள் நடுவில் "கொட்டுரா, கொட்டு!" என்று கூவுவார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு இருந்தது. தறியில் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்வான்? பலகையை நிறுத்துவான், அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவான், பிறகு ஓட்டுவான். எதிராளி கோல் போட்டால் நாங்களும் அப்படியே. டின் நிற்கும். அண்ணன் "இழை அறுந்துது!" என்று குரல் கொடுப்பார். எல்லாரும் எச்சில் தொட்ட கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத இழையை முடிவோம். ஒருவரும் பேசமாட்டோம். திட்டக் கூடாது, ரெஃப்ரியை ஏசக் கூடாது, முடிச்சு விழும்வரை மௌனம். பிறகு இரண்டு தட்டு, ஒரு மூச்சு. வெளியூர்க்காரர்கள் எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். ஏதோ மந்திரம் போடுகிறோம் என்று ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பேச்சுகூடக் கிளம்பிற்று.

அந்த வருஷம் முடிச்சு போட்டே எங்கள் விரல் தேய்ந்தது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அணிக்குப் புது பனியன் வேண்டும், அதுவும் காஞ்சிபுரத்து அரக்கில் வேண்டும் என்று முடிவாயிற்று. வெள்ளைப் பருத்திப் பனியன்கள் வந்தன. அண்ணன் அவற்றைப் பட்டுச் சாய அண்டாவில் இறக்கினார். பருத்திக்கு வேறு சாயம், அதற்கு வேறு ஆட்கள் என்று யாரோ இழுத்தார்கள். அண்ணன் பிறந்ததிலிருந்து பட்டைத் தவிர எதையும் நனைத்ததில்லை.

"பட்டுக்கே நிக்கிற சாயம் பனியனுக்கு நிக்காதா? பருத்தி இன்னா, பட்டவிட ரோஷக்காரியா?" என்றார்.

நாங்களும் பட்டுக்காரர்கள்தானே. தலையாட்டினோம். அண்டாவிலிருந்து அவை எழுந்து வந்தபோது கல்யாணக் கூறைப்புடவை மாதிரி ஜொலித்தன.

முதல் ஆட்டத்தின் வேர்வையிலேயே கக்கத்தில் வெளுத்துவிட்டன. ஒருமுறை துவைத்ததும் ரோஜாப்பூ நிறம். அண்ணன் மறுபடி நனைத்தார். அடுத்த ஆட்டம், அடுத்த துவையல், மறுபடி ரோஜாப்பூ. அந்தப் பருவம் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பனியன்கள் அண்டாவுக்குள் போய் வந்தன. தோற்கத் தோற்க அவை வெளுத்தனவா, வெளுக்க வெளுக்க நாங்கள் தோற்றோமா, இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை. லீக்கின் ஏ டிவிஷனில் நாங்கள் கடைசிக்கு வந்துகொண்டிருந்தோம்; கடைசியில் முடிக்கிற அணி பி டிவிஷனுக்கு இறங்க வேண்டும். வாலாஜாவில் தோற்றோம். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற கோல்கீப்பர் நடவு என்று வராமல் போன நாளில், சொந்த மண்ணிலேயே தோற்றோம். அரக்கோணத்தில் தோற்றுவிட்டு பாசஞ்சரில் திரும்பிய மாலை நினைவிருக்கிறது. திருமால்பூர் தாண்டி வயல்களில் தண்ணீர் நின்றது. அதில் எங்கள் ரயில் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் காயப் போட்டிருந்த பனியன்கள் காற்றில் உப்பி, ஆளில்லாத ஆட்டக்காரர்கள் போல எங்களோடு வந்தன. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. தோற்ற வருத்தம்கூட அப்போது இனிப்பாக இருந்தது.

ஆனால் அண்ணனுக்கு இல்லை. ஏனென்று ஒரு சனிக்கிழமை தெரிந்துகொண்டேன்.

சாயத்திலிருந்து எடுத்த பட்டு நூல் கத்தையை, சிட்டம் என்போம், ஒற்றை ஆள் பிழிய முடியாது. நடுவில் சிட்டத்தை மாட்டி, இரண்டு பக்கமும் கோல் கொடுத்து, ஆளுக்கொரு திசையில் முறுக்க வேண்டும். அண்ணன் ஒரு முனை, தம்பி மறுமுனை. அந்த மறுமுனையை வேறு யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

முறுக்கிக்கொண்டே தம்பி சொன்னான்: "மெட்ராஸ்லேர்ந்து ஒர்த்தரு வந்தாருண்ணா. மில்லு டீமாம். வேலையும் குடுத்து ஆடவும் வெக்கிறாங்களாம்."

அண்ணனின் கோல் நிற்கவில்லை. "நீ இன்னா சொன்ன?"

"நாங்க ஏ டிவிஷன்ல நின்னுட்டா வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"நிக்கலன்னா?"

தம்பி சிட்டத்தைப் பார்த்தான். அதிலிருந்து சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. "பி டிவிஷனுக்கு எறங்கிட்டா என் ஆட்டத்த யாருண்ணா வந்து பாப்பாங்க? கடலைக்காரம்மா கூட வராது."

"எறங்கமாட்டோம்."

"நானும் அதத்தான்ணா வேண்டிக்கினு இருக்கறேன்."

இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் முறுக்கினார்கள். நடுவில் சிட்டம் இறுகிக்கொண்டே போனது.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரிலேயே, கார்த்திகை அமாவாசையன்று வந்தது. அமாவாசைக்கு எந்த வீட்டிலும் தறி ஓடாது. அதனால் தெருவே கிளம்பி வேகவதி ஆற்றுப் பக்கத்து மைதானத்துக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் பந்தே பார்க்காதவர்கள் எல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு நின்றார்கள். எதிராளி செங்கல்பட்டு அணி, வெள்ளைப் பனியன். சமன் செய்தாலே எங்களுக்குப் போதும். ஏ டிவிஷனில் நின்றுவிடுவோம். தம்பி ஊரில் நின்றுவிடுவான்.

அந்த ஆட்டத்துக்கு அண்ணன் பனியன்களை ஒருமுறைக்கு இருமுறை நனைத்திருந்தார். சாயம் இரட்டைப் பங்கு.

"அலசலியாண்ணா?" என்று கேட்டேன்.

"அலசினாதானே போவுது? அலசவே வாணாம். அப்படியே காயட்டும்."

அத்தனை அரக்கை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பிற்று. பட்டுக் கடையில் புடவையை உதறி விரிக்கும்போது கேட்குமே, அது.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. டின் ஓடிக்கொண்டே இருந்தது. கிழவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் இரண்டு தட்டு, ஒரு மூச்சு. ஊரே ஒரு தறியில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் பாதியில் மழை பிடித்தது.

முதலில் தூறல். அதற்கே எங்கள் ஆட்டக்காரர்களின் தொடைகளில் சிவப்புக் கோடுகள் இறங்கின. பிறகு வானம் மொத்தமாக அவிழ்ந்தது. எனக்கு அந்த நேரம் சத்தமில்லாமல்தான் நினைவிருக்கிறது. மழைத் திரைக்குப் பின்னால் எங்கள் பதினோரு பேரும் மெல்லக் கரைந்தார்கள். காலடிக் குட்டைகள் சிவந்தன. பந்து ஒரு குட்டையிலிருந்து எழும்பும்போது சிவப்பாக ஒரு பூ மலர்ந்து விழுந்தது. எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணன் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கூடைமேல் கோணியைப் போர்த்திக்கொண்டு கடலைக்காரம்மா கத்தினாள்: "இன்னாபா, தொவச்சிக்கினே ஆடறீங்களா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் நடந்துவிட்டது. எங்கள் பனியன்கள் வெள்ளையாகியிருந்தன. அவர்களுடையதும் வெள்ளை. எங்கள் ஹாஃப் பேக் பந்தோடு நிமிர்ந்தான், இடது கோட்டில் தம்பிக்கு முன்னால் நின்ற வெள்ளைப் பனியனைப் பார்த்தான், தம்பிதான் என்று நினைத்துத் தட்டிவிட்டான். அது செங்கல்பட்டுக்காரன். அவன் ஒரு கணம் திகைத்து, பிறகு ஓடினான். முசரவாக்கத்துக் கோல்கீப்பர் பாய்ந்தார். ஈரப் பந்து அவர் விரல்களில் வழுக்கி உள்ளே போனது.

"இழை அறுந்துது" என்று குரல் கொடுக்க வேண்டியது அண்ணன். அவர் கொடுக்கவில்லை. ஆனாலும் தெருவே விரல்களைச் சேர்த்தது. பந்தே பார்க்காத கிழவிகளும், கடலைக்காரம்மாவும்கூட. அந்த மழையில் அத்தனை பேர் சத்தமில்லாமல் முடிந்துகொண்டிருந்தோம். முடிச்சு விழுவதற்குள் கடைசி விசில் ஊதிவிட்டார்கள்.

எங்கள் ஆட்டக்காரர்கள் கொட்டகைக்கு ஒதுங்கிப் பனியன்களைக் கழற்றினார்கள். அப்போதுதான் பார்த்தோம். பருத்தியில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. ஆனால் அவர்கள் மார்பும் தோளும் கழுத்தும் அரக்காகச் சிவந்திருந்தன. துண்டால் தேய்த்தார்கள், போகவில்லை. அண்ணன் தம்பியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

"பட்டுன்னா இன்னா, புழுவோட ஒடம்பிலேர்ந்து வர்றதுதானே" என்றார் மெதுவாக. "ஒடம்புலதான் நிக்குது இது. எனக்குத் தோணவே இல்ல பாரு."

"எனக்குத் தெரியும்ணா. உன் கையத்தான் தெனம் பாக்கறனே" என்றான் தம்பி.

"பின்ன ஏண்டா சொல்லல?"

"நீ நனைக்கறது நல்லா இருந்துது." குளிரில் பற்கள் தந்தியடிக்கச் சிரித்தான். அண்ணனும் சிரித்தார். தோற்ற அணியின் கொட்டகையில் அப்படி ஒரு சிரிப்பு கூடாதுதான். தம்பிதான் முதலில் நிறுத்தினான்.

அந்த வாரமே மெட்ராஸிலிருந்து ஆள் வந்து பேசி முடித்துவிட்டுப் போனார். தம்பி கிளம்பிய காலை மழை விட்டு வெயில் பளிச்சென்று இருந்தது. பஸ் நிலையத்துக்கு மன்றமே போயிற்று. யாரோ டின்னைக் கொண்டுவந்திருந்தார்கள். அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பி புது வெள்ளைச் சட்டையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். காலருக்கு மேலே கழுத்திலும் காதுமடலிலும் இன்னும் அரக்கு மிச்சமிருந்தது. வெயில் பட்டு அது லேசாக ஒளிர்ந்தது.

"மில்லுல கேட்டா இன்னாண்ணா சொல்றது?" என்று கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டான். "தோல் வியாதின்னு திருப்பி அனுப்பிடப் போறாங்க."

"அனுப்பினா வா. பிழியற கோலோட அந்த மொன சும்மாதான் இருக்குது" என்றார் அண்ணன்.

தம்பி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, ஒரு முடிச்சு போட்டான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அண்ணன் கூடவே இரண்டு எட்டு ஓடி, சிவந்த கையை உள்ளே விட்டு அவன் கழுத்தைத் தொட்டார்.

"சோப்பு போட்டுத் தேய்க்காதடா. தானா போவட்டும்."