கரண்ட் போனால் மை எங்கே போகும்?

1. ஒழுகும் மிஷின்

"மேடம், உங்க மிஷின் ஒழுகுது" என்றார் இசக்கிமுத்து அண்ணாச்சி போனில். "நேத்து மழைக்கு சந்துல தண்ணி ஏறி கரண்ட நிறுத்திட்டாவ. காலையில ஷட்டரத் தொறந்தா ஃப்ளெக்ஸ் பூரா கறுப்பு. ஹெட்டு ஒண்ணும் வேல செய்யல. உங்க சர்வீஸ் ஆளு வந்து பாத்துட்டு, நீங்க டூப்ளிகேட் மை ஊத்தியிருக்கியன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அப்போது நான் மும்பையை ஒட்டிய தாணேயில் ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் பெரிய இங்க்ஜெட் பிரிண்டர்கள் செய்கிற கம்பெனி. பிரிண்டர் என்றாலே எல்லோரும் மையைத் தெளிக்கிற ஹெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். என் வேலை ஹெட்டுக்கு முந்தைய பாதி. மை எங்கே நிற்க வேண்டும், எந்த வழியாக வர வேண்டும், எங்கே வடிகட்ட வேண்டும், ஹெட்டின் வாசலில் எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. டேங்க், டியூப், பம்ப், பில்டர், வால்வு. ஆபீசில் எனக்குப் பெயரே டங்கி மேடம், அதாவது தொட்டி மேடம். கேலியாக வைத்ததுதான். நான் அதை மாற்றச் சொன்னதில்லை.

கஸ்டமர் யாரும் டிசைன் இன்ஜினியருக்கு போன் செய்வதில்லை. ஆனால் அண்ணாச்சியின் கடை தாராவியில், நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி. மிஷின் மாட்டிய அன்று நான் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். தமிழ் பேசுகிற இன்ஜினியர் என்று என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் பேசி முடித்ததும் நான் லீவு போட்டுவிட்டு தாராவிக்கு ரயில் ஏறினேன்.

2. சொர்ணம்

கடையில் மிஷினை ஓட்டுவது அண்ணாச்சி இல்லை, அவர் மனைவி சொர்ணம். கோயில் கொடை விழா, கல்யாணம், பிறந்தநாள், கட்சிக் கூட்டம் என்று எல்லா பேனரும் அவள் கையால்தான் அடிக்கப்படும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் மிஷினைத் துடைப்பதிலும் மை ஊற்றுவதிலும் அவ்வளவு கவனம். அன்று அவள் மிஷின் பக்கமே வராமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, தள்ளி உக்காந்திருக்க?" என்றேன்.

"நான் தொட்டா இன்னும் கெட்டுப்போவும்னு நெனைக்காவ போல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "சர்வீஸ்காரரு சொன்னதக் கேட்டு இவியளும் கேட்டுட்டாவ யக்கா. வெல கம்மின்னு வெளிய மை வாங்கி ஊத்துனியான்னு. சாமி மேல சத்தியம் பண்ணச் சொல்லுதாவ."

அண்ணாச்சி மறுக்கவில்லை. "கம்பெனிக்காரன் சொல்லுதானே தாயி, நான் என்னன்னு நெனைக்கது?" என்றார்.

நான் கேரியேஜ் மூடியைக் கழற்றினேன். ஹெட்டும் சின்ன டேங்குகளும் உட்கார்ந்து இடமும் வலமும் ஓடுகிற பெட்டி அது. அடியில் ஒழுகிய மை பரவி ஹெட்டுகளின் எலெக்ட்ரானிக் போர்டு வரை ஏறியிருந்தது. அப்படி ஏறினால் போர்டு ஷார்ட் ஆகும், ஹெட் செத்துவிடும். இனி ஏன் ஒழுகியது என்பதுதான் கேள்வி.

இதை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஹெட்டின் அடியில் முடியை விட மெல்லிய துளைகள் இருக்கின்றன. எங்கள் மாடலில் டேங்க் ஹெட்டுக்கு மேலே. சும்மா விட்டால் மை தன் பாரத்தில் தானே கீழே இறங்கிவிடும். அதனால் ஒரு சின்ன வேக்யூம் பம்ப் டேங்கின் மேல்பக்கத்துக் காற்றை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்ட்ராவில் ஜூஸை இழுத்து மேல்வாயை விரலால் அடைத்தால் ஜூஸ் கீழே விழாமல் நிற்கும் இல்லையா, அதே சங்கதிதான். பம்ப் நின்றால் விரலை எடுத்த மாதிரி. அதனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் நான் ஒரு வால்வு வைத்திருந்தேன். கரண்ட் போன அந்த நொடியில் அது தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற இழுவை அப்படியே நிற்கும்.

அண்ணாச்சியின் மிஷினில் அந்த வால்வு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு டியூப் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நான் எழுந்து கையைத் துடைத்தேன். "சொர்ணம், நீ ஒண்ணும் செய்யல. இதுல ஒரு சாமான் இல்ல. எங்க கம்பெனிதான் வைக்காம விட்டிருக்கு."

சொர்ணம் அப்போதுதான் நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் மழை விட்டுவிட்டதா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

3. ரெண்டு வரி

என் மேனேஜர் ரமணி சார், மும்பையில் தமிழர்கள் நிறைய இருக்கிற மாட்டுங்காக்காரர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நான் பிரசவத்துக்கு லீவில் போனபோது என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் காத்திருந்தவர். அதனால் நேராக அவரிடமே போனேன்.

"வால்வ எடுத்தது யாரு சார்?"

"நீங்க லீவுல இருந்தேளே, அப்போ செலவக் குறைக்கற காஸ்டிங் மீட்டிங்ல எடுத்தது. டெஸ்ட் பண்ணித்தான் எடுத்தோம். ஒரு பிரச்சினையும் வரலை."

"கரண்ட நிறுத்தி டெஸ்ட் பண்ணீங்களா?"

எங்கள் ஃபேக்டரியில் ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போய் அங்கே எந்த மிஷினும் நின்றதே கிடையாது.

ரமணி சார் மேஜையில் இருந்த தாளை என் பக்கம் நகர்த்தினார். "பாருங்கோ ஜெபா, இதுல ரெண்டு வரிதான். அங்கீகாரம் இல்லாத மை உபயோகிச்சதால ஹெட் போயிடுத்துன்னு. இங்க் சிஸ்டம் உங்க டிபார்ட்மென்ட், உங்க கையெழுத்து இருந்தாத்தான் வாரன்ட்டிய நிராகரிக்க முடியும். போட்டுட்டா போறும். என்னத்துக்கு வம்பு?"

"வால்வு இல்லாததால போச்சுன்னு எழுதுங்க சார். இப்பவே போடறேன்."

"அப்படி எழுதினா வித்த மிஷின் அத்தனையும் திரும்பி வரும்."

"வரட்டும் சார்."

அன்று மதியமே முதலாளி கூப்பிட்டார். எல்லோரும் அவரை சேட் என்போம். ஹிந்தியில்தான் பேசுவார். அவருக்குக் கோபம்கூட இல்லை, பொறுமையாகப் புரியவைத்தார். தாராவிக்காரர்களை உங்களுக்குத் தெரியாது மேடம், அங்கே எதை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள், எதுவும் நடக்கும் என்றார்.

"மைம் பீ தாராவி கீ ஹூம், சார்" என்றேன். நானும் தாராவிதான்.

அவர் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மறுநாள் காலை என்னை டிஸ்பாட்ச் செக்ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். பெட்டிக்குள் தெர்மாகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கையெழுத்துப் போட்டால் பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கும் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மகன் கைக்குழந்தை. செம்பூரில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சோத்துக்கு நான் பாத்துக்கிடுதேன். அந்தச் சொர்ணம் புள்ளயத் திருடின்னு எழுதிக் குடுத்துட்டு மட்டும் வீட்டுக்கு வந்துராத."

4. டெமோ

அந்த மாதக் கடைசியில் டீலர்களையும் கஸ்டமர்களையும் ஃபேக்டரிக்கு வரவழைத்து ஒரு டெமோ வைத்தார்கள். மிஷின் வாங்கிய எல்லோருக்கும் வாட்ஸப்பில் அழைப்பு போயிருந்தது. அண்ணாச்சி வேண்டாம் என்றார். "கம்பெனிக்காரன் நம்மள நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்துவான் தாயி." சொர்ணம் மட்டும், "நான் போறேன்" என்றாள். கடைசியில் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

நான் டிஸ்பாட்ச் ஆள் என்பதால் நாற்காலி போட வந்தேன் என்று ஓரமாக நின்றேன். சேல்ஸ்காரர் எல்லோர் கண்முன்னாலும் எங்கள் கம்பெனி மை கேனின் சீலை உடைத்து, அண்ணாச்சி வாங்கிய அதே மாடல் மிஷினில் ஊற்றினார். மிஷின் மாம்பழக் கூடை படம் ஒன்றை அழகாக அடித்துக் கொடுத்தது. கைதட்டினார்கள். டீ வந்தது. ஏதாவது கேள்வி உண்டா என்று சேட் கேட்டார்.

சொர்ணம் எழுந்தாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"லைட் கயா தோ ஸ்யாஹீ கா க்யா ஹோகா?" என்று கேட்டாள். கரண்ட் போனால் மைக்கு என்ன ஆகும்?

சேல்ஸ்காரர் சிரித்தார். ஒன்றும் ஆகாது மேடம், திரும்ப வந்ததும் மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாம் என்றார்.

நான் ஓரத்திலிருந்து நடந்து மிஷின் பக்கத்தில் வந்தேன். "சொல்றதெதுக்கு? காட்டிடலாமே" என்று ஹிந்தியில் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஹெட்டுக்கு அடியில் விரித்தேன். பிறகு மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கினேன்.

பம்பின் சத்தம் நின்றது. ரமணி சார் என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்து, அப்படியே நின்றுவிட்டார். சேல்ஸ்காரர் ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. நல்ல டியூப், நல்ல பம்ப் என்றால் இழுவை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இன்று தாக்குப்பிடித்துத் தொலைத்தால் என் கதை இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

கையில் இருந்த டீ ஆறுவதற்குள் முதல் சொட்டு விழுந்தது. கறுப்பு. அதன் பக்கத்திலேயே மெஜந்தா. பிறகு எண்ண முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த காட்கோபர் டீலர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தாளைக் குனிந்து பார்த்தார். "என் கஸ்டமர் ரெண்டு பேருக்கு இதேதான் நடந்தது" என்றார். "டூப்ளிகேட் மைன்னு சொல்லித் திருப்பி அனுப்பினீங்க. நானும் அதை நம்பி அவங்ககிட்ட சண்டை போட்டேன்."

சேட் எனக்கு மட்டும் கேட்கும்படி, இது என்ன செய்துவிட்டீர்கள் மேடம் என்றார்.

"ஸ்விட்சை அணைச்சேன் சார். தாராவியில தினம் நடக்கிறதுதான்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ரமணி சார் ஸ்டோர் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு வால்வும் கட்டரும் இருந்தன. ஒன்றும் பேசாமல் மூடியைக் கழற்றி, அந்த நேர் டியூபை நடுவில் வெட்டினார். நான் வால்வை மாட்டினேன். பம்புக்குப் போகிற ஒயரிலேயே வால்வையும் அவர் சேர்த்தார். ஹெட்டைத் துடைத்து மிஷினை ஓடவிட்டோம். புதுத் தாளை விரித்தோம். இந்த முறை ஸ்விட்சை இறக்கியது ரமணி சார்.

எல்லோரும் நின்றபடியே பார்த்தார்கள். இரண்டாவது சுற்று டீ வந்து, குடித்தும் முடித்தார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

அண்ணாச்சி சொர்ணத்தின் பக்கத்தில் போய் நின்றார். "ஏட்டி, நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவள், "சரி, வீட்டுல பேசிக்கிடலாம்" என்றாள்.

5. அப்புறம்

சொர்ணத்துக்குப் புது ஹெட் போட்டார்கள். விற்ற மிஷின்கள் அத்தனைக்கும் வால்வு மாட்ட முடிவாயிற்று. அந்த வேலையையும் தண்டனை மாதிரி என் தலையிலேயே கட்டினார்கள். நெருள், காட்கோபர், தாராவி என்று டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் அலைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை. போன இடத்தில் எல்லாம் முதலில் அந்தக் கடைக்காரரிடம், "தப்பு உங்க மேல இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைக் கழற்றினேன்.

அந்த வருஷம் புரமோஷன் எனக்கு வரவில்லை. டீமோடு ஒத்துப்போகிறவர் இல்லை என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பின்னும் சில வருஷங்கள் அங்கேயே இருந்தேன். என்னை அனுப்பவும் முடியாமல், வைத்திருக்கவும் பிடிக்காமல் அவர்கள்தான் சங்கடப்பட்டார்கள். இப்போது துணியில் அச்சடிக்கும் மிஷின்களுக்கு மை சிஸ்டம் வரைந்து கொடுக்கிறேன், சொந்தமாக.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். எல்லோரும் ஓடுகிற மிஷினைத்தான் வரைகிறார்கள். நீங்கள் நின்றுபோன மிஷினை முதலில் வரையுங்கள். கரண்ட் இல்லை, ஆள் இல்லை, கடை பூட்டியிருக்கிறது, டேங்க் நிறைய மை இருக்கிறது. அப்போது ஒவ்வொரு சொட்டும் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, கஸ்டமர்தான் கெடுத்தார் என்று யாராவது சொன்னால், கடைக்குப் போய் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

போன மாதம் ஒரு கல்லூரியில் பேசப் போனபோது ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், வந்தவங்க முன்னாடி கம்பெனி மானத்த வாங்காம, அதையே உள்ள ரூம்ல பேசி சரி பண்ணியிருக்கலாமே?"

"ரூம்ல பேசினேம்மா" என்றேன். "டிஸ்பாட்சுக்கு மாத்தினாங்க. வெளியே வந்து ஸ்விட்சை இறக்கினேன். வால்வு வந்துச்சு. நாளைக்கும் அதேதான் செய்வேன்."