கிராப்புக்குக் கீழே ஒரு குரல்

கப்பலில் நிலக்கரி கிடக்கும் ஆழமான அறையை நாங்கள் ஹாட்ச் என்போம். கிரேன் தன் இரும்பு வாயை, அதாவது கிராப்பை, இறக்கிப் பெரும்பகுதியை அள்ளிவிடும். மூலையில் ஒட்டியிருப்பதை மண்வெட்டியால் நடுவே தள்ள எங்களைக் கீழே இறக்குவார்கள். தூசி எழும்பினால் மேலே நிற்பவருக்கு நாங்கள் தெரியமாட்டோம். அதனால் மேல்தட்டில் நிற்கும் சிக்னல்காரர், கிராப்பை இறக்குமுன் "ஓரமாச்சா?" என்று குரல் கொடுப்பார். கீழிருந்து "ஆச்சு" என்று போனால்தான் கிரேன்காரருக்குக் கை காட்டுவார். பதில் தப்பினால் நசுங்க வேண்டியதுதான்.

எங்களுக்கு வாய்த்த சிக்னல்காரர் என் மனைவியின் அண்ணன். அவர் ஒரு சங்கம், நான் இன்னொன்று. வீட்டில் அது வெறும் கேலிப்பேச்சு. "ரெண்டு சங்கத்துக்கும் இங்கனதான் சோறு பொங்குதேன், எனக்கு யாரு சந்தா தாரா?" என்பாள் மனைவி. துறைமுக வாசலுக்கு எதிரே டீக்கடை அண்ணாச்சி இன்னும் ஒருபடி மேலே போவார்: "எந்தச் சங்கத்துக்காரன் துப்புனாலும் கருப்பாத்தானடே துப்புதான்."

நிர்வாகம் எந்தச் சங்கத்தோடு பேசுவது என்று முடிவு செய்யத் தேர்தல் என்றார்கள். கேலி நின்றுபோனது. ஒரு ராத்திரி எதிர்ச் சங்கத்தார் எங்கள் கொடிக்கம்பத்தைச் சாய்த்து, தடுக்கப் போனவர் மண்டையையும் உடைத்துவிட்டார்கள். விடியுமுன் சங்க வாட்ஸ்அப்பில் உத்தரவு: அவர்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவனுக்கு இடம் கிடையாது.

அன்று காலை இறங்கி வேலையைத் தொடங்கியதும் மேலிருந்து மச்சான் குரல்: "ஓரமாச்சா?"

கீழே இருந்த எல்லோரும் என் சங்கம்தான். யாரும் வாய் திறக்கவில்லை. தினமும் ஆள் எடுக்கும் எங்கள் மேஸ்திரி நடுவிலேயே நின்றுகொண்டு உதட்டில் விரல் வைத்தார். கிராப் எங்கள் தலைக்கு மேலே வந்து, வாயைப் பிளந்தபடி தொங்கியது. அதிலிருந்து கரித்துண்டுகள் ஹெல்மெட்டில் உதிர்ந்தன.

"ஏலே, காது கேக்கலையா? ஓரமாச்சான்னு கேக்கேன்."

"கேக்கட்டும்" என்று முணுமுணுத்தார் மேஸ்திரி. "மண்டைய உடைச்சவனுவளுக்கு நாம பதில் சொல்லணுமோ?"

"மேஸ்திரி, இறக்கிட்டாம்னா?" என்றான் என் பக்கத்தில் நின்றவன்.

"இறக்க மாட்டான்."

"எப்படிச் சொல்லுதிய?"

மேலே ஃபோர்மேன் கத்துவது கேட்டது: "கீழ ஆளே இல்லப்பா, டீ குடிக்கப் போயிருப்பானுவ. இறக்கச் சொல்லு."

வாயெல்லாம் கரித்தூள், எச்சில் இல்லை.

"பொறுங்க சார்" என்றார் மச்சான். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். "மாப்ள, கீழதான் இருக்கியா?"

"இருக்கேன் மச்சான். இறக்கிராதிய. மேஸ்திரி நடுவுல நிக்காரு."

மேஸ்திரி என்னை முறைத்தார். ஆனால் நகர்ந்தார். "இப்ப ஆச்சு" என்றேன். அவர் நின்ற இடத்தில் கிராப் வந்து கடித்தது.

மேலே ஏறியபின் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு எனக்கு வேலை இல்லை என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் மேஸ்திரி என்னைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஹாட்சில் குரல் வந்தது. மேஸ்திரி என் விலாவில் இடித்தார். "உன் மச்சான்தான கூப்புடுதாரு, சொல்லேன்."

அன்றிலிருந்து எல்லோருக்குமாக நான்தான் பதில் சொல்கிறேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கு வருவேல்லா?"

"உடம்பு கொதிக்கு, எப்படி வருவாரு?" என்றாள் மனைவி. "ஒரு வார்த்தை நீங்க சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"தேர்தல் முடியட்டும்மா" என்று அவர் தரையைப் பார்த்தார்.

தேர்தலுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலையில் எழுப்பிவிடச் சொல்லிப் படுத்தேன்.