வீட்டுக்கு ஒரு ஆள்

பத்துப் பேர்கூடச் சேரமாட்டார்கள் என்று பயந்த மீட்டிங்குக்கு, ஊரே மண்வெட்டியோடு வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மண்வெட்டிகள்தான். பெண்கள் பக்கம் பார்த்தேன் – இடுப்பில் கூடைகள். ஒருவர் கடப்பாரையே கொண்டு வந்திருந்தார்.

போன திங்கட்கிழமை நடந்தது இது. செலியமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சின்ன ஊர், சின்ன ஏரி, பெரிய வாய். கடைசியில் சொன்னது என்னுடையது. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பதால் ஊரில் எனக்குப் பேப்பர்காரர் என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ கொம்யூன் தலைவரான மேர் காதுக்கும் போயிருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஊர் ஊராக மீட்டிங் போடுகிறார்கள், உங்கள் ஊரில் நீங்கள்தான் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பேசச் சொன்னால் நான் மாட்டேன் என்பேனா? சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் ஸ்பீச் தயாரித்தேன். கிணற்றடியில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருகிட்ட சண்ட போடறீங்க?"

"சண்டை போடலடி. சண்டைக்கு ஆள் கூப்பிடறேன்."

"சோறு ஆறுது. மொதல்ல நீங்க வாங்க," என்று போய்விட்டாள். வீட்டில் நமக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

அப்புறம் காத்தமுத்துவைக் கூப்பிட்டேன். ஊரில் தமுக்கு அடித்துச் சேதி சொல்பவர் அவர். "திங்கக்கெழம காலைல, வூட்டுக்கு ஒரு ஆளு மதகாண்ட வரணும்னு சொல்லிடு" என்றேன். ஏரி மதகுப் பக்கம்தான் நல்ல நிழல். ஊர் முழுக்க உட்கார வேறு இடமும் கிடையாது.

இங்கேதான் விஷயம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆளை மதகுப் பக்கம் கூப்பிடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வாய்க்காலில் தூர் எடுக்க. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து வேறு எதற்கும் கூப்பிட்டதில்லை. அதனால் காத்தமுத்து, பாவம், என் சேதியில் ஒரு குறை இருப்பதாக நினைத்து, "மண்வெட்டி கூடையோட" என்று தானே சேர்த்து அடித்துவிட்டார்.

"இன்னாய்யா இப்படிப் பண்ணிட்ட?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மண்வெட்டி இல்லாத ஆளு மதகாண்ட இன்னாத்துக்கு? நீங்க சொல்ல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார். முகத்தில் கொஞ்சமும் கலக்கம் இல்லை. எனக்கு உதவி செய்த திருப்திதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வில்லியனூரிலிருந்து காதர் பாய் வண்டியில் வந்து இறங்கினார். போன சண்டையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இப்போது ஆள் சேர்க்க வருகிறார். கோட்டு, கோட்டில் மெடல், வலது காலில் லேசான தாங்கல். கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் கிட்டே போய் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருக்கட்டும் வுடுங்க. போன சண்டைல நான் துப்பாக்கி புடிச்சதவிட மண்வெட்டி புடிச்சதுதான் ஜாஸ்தி. பள்ளம் வெட்டி வெட்டியே சண்டை முடிஞ்சிபோச்சி."

சரி, பேசினேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது… ஆனால் நன்றாகத்தான் பேசினேன். உலகத்தை விழுங்க ஒருவன் வாயைத் திறந்துகொண்டு வருகிறான், அவனை எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும், அது நம் வாசலில் வந்தபிறகு முடியாது என்றேன். 'பிரெஞ்சுக்காரன் சண்டை நமக்கு எதற்கு?' என்று சில வாசகர்கள் எனக்கு எழுதப் போகிறீர்கள். தெரியும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அன்றைக்கு நான் வேகத்தில் இருந்தேன்.

"தேசம் கேட்பது வீட்டுக்கு ஒரு ஆள்! அரைமனதாக வருகிற அரை ஆள் வேண்டாம். முழு ஆள்!" என்று முடித்தேன். கைதட்டுவார்கள் என்று கொஞ்சம் இடைவெளியும் விட்டேன். எல்லார் கையிலும் மண்வெட்டி. எப்படித் தட்டுவார்கள்?

"அண்ணே, ஒன்னு கேக்கலாமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து பச்சையம்மாள் எழுந்தாள். ராமலிங்கத்தின் மனைவி. எங்கள் ஊரிலிருந்து முதன்முதலில் பட்டாளத்துக்குப் போனவன் ராமலிங்கம்தான். போய் ஒரு வருஷம் ஆகிறது. என் ஸ்பீச்சிலேயே அவனை 'எங்கள் ஊர்ச் சிங்கம்' என்று சொல்லியிருந்தேன்.

"கேளும்மா," என்றேன் பெருந்தன்மையாக.

"எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துக்குப் போனாரே, முழு ஆளா போனாரா, அரை ஆளா போனாரா?"

கூட்டம் சிரித்தது. காதர் பாய்தான் பதில் சொன்னார். "முழு ஆளுதாம்மா. அரை ஆள நாங்க எடுக்கறது இல்ல."

"அப்போ எங்க வூட்ட மட்டும் அரை ஆளுன்னு வெச்சி அரைத் தண்ணி வுடறாங்களே… அது இன்னா ஞாயம்?"

சிரிப்பு நின்றுபோனது.

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரித் தண்ணீருக்கு முறை உண்டு. வாய்க்காலில் தூர் எடுக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். ஆள் வந்த வீட்டுக்கு ஒரு பங்கு வாய்க்கால், ஒரு முறைத் தண்ணீர். ஆண்பிள்ளை வந்தால் முழு ஆள். பெண்பிள்ளை வந்தால் அரை ஆள். யார் போட்ட கணக்கோ, போட்டவர் பச்சையம்மாள் மண் எடுப்பதைப் பார்த்ததில்லை. ராமலிங்கம் போனபிறகு அந்த வீட்டிலிருந்து வருகிறவள் அவள் ஒருத்திதான். மாமனார் இடுப்பு விழுந்து படுக்கையில் இருக்கிறார். ஆகவே அரைப் பங்கு, அரைத் தண்ணீர். அந்தத் தண்ணீர் மேல்கழனியோடு நின்றுவிடும். கீழ்க்கழனிக்கு இறங்காது.

இப்போது மாசி மாதம். கதிர் பால் பிடிக்கிற நேரம். மறுநாள் காலையில் அவள் முறை. அந்த முறையும் அரைத் தண்ணீர் என்றால் கீழ்க்கழனி முழுக்கப் பதர்தான்.

"எலையெல்லாம் சுருண்டுனு இருக்குது அண்ணே," என்றாள். குரல் உடையவில்லை. சண்டை போடுகிற குரலும் இல்லை. கணக்குக் கேட்கிற குரல்தான். "அவரு திரும்பி வந்து கழனி எங்கடின்னு கேட்டா, சர்க்காருக்கு உன்ன குடுத்தேன், கழனிய ஊருக்குக் குடுத்தேன்னு சொல்லவா?"

எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. சிங்கம், புலி என்று பேசிய வாய் இது. சிங்கத்தின் கழனி காய்வது என் காதுக்கே வரவில்லை. வரவில்லையா… வந்தும் உள்ளே இறங்கவில்லையா?

முன்வரிசையில் முனுசாமி உட்கார்ந்திருந்தான். தை மாதம் கல்யாணம் ஆனவன். நல்ல உடம்பு. காதர் பாய் வந்ததிலிருந்து அவன்மேல்தான் கண்ணாக இருந்தார். அவன் மெதுவாகச் சொன்னான்.

"நானும் பேரு குடுக்கலாம்னுதான் வந்தேன். இதக் கேட்டா யோசனையா இருக்குது. நான் பூட்டா எங்க வூட்டுக்கும் இதே கதிதானே?"

மீட்டிங் படுத்துவிட்டது. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. நேராகத் தண்ணீர் முறை பார்க்கிற கண்ணாயிரம் மாமாவிடம் திரும்பினேன். "இன்னா மாமா இது? ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்தவன் வூடு. ஒரு முழுத் தண்ணி வுட்டா இன்னா கொறஞ்சிடும்?"

கண்ணாயிரம் மாமா பொல்லாதவர் இல்லை. சொந்தத் தம்பிக்கே முறை தவறித் தண்ணீர் விடாதவர். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"குடுக்கலாம். யாரு தண்ணியக் கொறைக்கட்டும்? உன் வூட்டுதா?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாமா நிறுத்தவில்லை.

"அவ பங்குல பாதிதான் தூரெடுத்திருக்குது. மீதி பாதி கோரையும் சேறுமா கெடக்குது. நான் மதகத் தொறந்து வுட்டாலும் தண்ணி அங்க வந்து முட்டினு நிக்கும். அந்தப் பாதிக்கு ஆளு காட்டு. முழுத் தண்ணி நானே வுடறேன். நீ பேசற பேச்சுக்குத் தூரு போவாதுப்பா."

ஊரே என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியும் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன். நான் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

"அந்த அரையை நான் போடறேன்," என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் காத்தமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். 'பார்த்தீர்களா, கொண்டு வரச் சொன்னது நல்லதாகப் போயிற்று' என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

காதர் பாய் கோட்டைக் கழற்றி வண்டியில் போட்டார். "மீட்டிங்க வாய்க்காலாண்டையே வெச்சிக்கலாம் வாங்க," என்று கிளம்பினார். ஊரும் கிளம்பியது. வந்ததே வேலைக்கு என்றுதானே? மற்றவர்கள் அவரவர் பங்கில் இறங்க, நான் பச்சையம்மாள் பங்கில் இறங்கினேன். இறங்கினேன் என்பது கௌரவமான வார்த்தை. வழுக்கி உட்கார்ந்தேன்.

கோரைக்கிழங்கோடு நீங்கள் மல்லுக்கட்டியது உண்டா? மேலே ஒரு புல். கீழே அதற்கு ஒரு சம்சாரமே இருக்கும். நான் ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்து மூச்சு வாங்குவதற்குள் பச்சையம்மாள் ஒரு கூடையை நிரப்பிக் கரையில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். காதர் பாய் தாங்கல் காலை நீட்டிக் கரையில் உட்கார்ந்து பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் அப்படித்தானாம், எண்ணுக்கு ஒரு வெட்டு. அவர் எண்ணுக்கும் என் வெட்டுக்கும் கடைசிவரை சம்பந்தம் ஏற்படவில்லை. இளவட்டங்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். முனுசாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் ஒரு கை புடிக்கட்டுமா?" என்று கேட்டான்.

"கிட்ட வராதே," என்றேன். எனக்கு வீம்பு ஏறியிருந்தது. மானம் போனாலும் அந்தப் பாதி என்னுடைய பாதி.

வெயில் உச்சிக்கு வந்தபோது முடித்தேன். கண்ணாயிரம் மாமா கரையோடு நடந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். ஒரு இடத்தில் காலால் மண்ணைத் தள்ளினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைமுடியில்கூடச் சேறு.

"ஆம்பள வந்தா முழு ஆளுன்னு கணக்கு," என்றார். "ஆனா இந்த வேலைக்கு இவர முழு ஆளுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அரை ஆளுதான்."

ஊர் சிரித்த சிரிப்பு பாகூருக்குக் கேட்டிருக்கும். பச்சையம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"போதும் மாமா. எங்க வூட்டுக்குக் கொறைஞ்சதும் அந்த அரைதானே."

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. தண்ணீர் அந்த இடத்தில் நிற்காமல் திரும்பி, மேல்கழனியைத் தாண்டி, கீழ்க்கழனியில் இறங்கிக்கொண்டிருந்தது. வெடித்துக் கிடந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. பச்சையம்மாள் மடையில் நின்று காலால் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். எத்தனையோ மீட்டிங்கில் பேசியிருக்கிறேன், மாலைகூடப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அதெல்லாம் ஈடாகாது.

நாமெல்லாம் எப்போதும் போகச் சொல்வதில் கெட்டிக்காரர்கள். போ, தேசத்துக்குப் போ, ஊருக்கு உழை என்று மேடை போட்டுச் சொல்வோம். போனவன் விட்டுப்போன இடத்தில் யார் நிற்பது? அதைக் கேட்பதில்லை. பட்டாளத்துக்குப் போக முடிந்தவர்கள் போங்கள். தைரியமாகப் போங்கள். என்னைப் போல மூச்சு வாங்குகிறவர்கள், மூக்குக் கண்ணாடிக்காரர்கள், தொந்திக்காரர்கள் – நமக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் ஆள் போன வீடு எது என்று ஒருதடவை போய்ப் பாருங்கள். அங்கே ஏதோ ஒன்று பாதியில் நிற்கும். கூரையோ, கிணறோ, கழனியோ. அதற்கு மெடல் கிடையாது. கை வலிக்கும். ஆனால் சோறு என்ன ருசியாக இருக்கிறது தெரியுமா?

நேற்று சாயங்காலம் முனுசாமி பெயர் கொடுத்துவிட்டான். பெயர் கொடுத்த கையோடு பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கண்ணாயிரம் மாமாவிடம் போயிருக்கிறான். மாமா யோசித்தாராம். "பொண்ணு ஒரு அரை. மீதி அரைக்கு யாரு?" என்று கேட்டாராம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே குரலில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

பச்சையம்மாள் வீட்டில் அரை, முனுசாமி வீட்டில் அரை… ஒருவழியாக இந்த ஊரில் நானும் ஒரு முழு ஆள்.