அண்ணனின் ரேஸ் எஞ்சின் விற்றுப்போனது

நண்பர்களே, சோழவரம் ரேஸில் ஓடிய அண்ணன் காரின் எஞ்சின் பிளாக் இன்று விற்றுப்போனது. அப்படியொன்று இனிக் கிடைக்காதாம்.

அண்ணன் துபாய் போனபின் அரியலூரில் எங்கள் வீடு தேடி வந்தவர்கள், அதைப் பார்க்க வந்த திருச்சிக் கார் பைத்தியங்கள் மட்டும்தான்.

ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல பிளாக், மந்தமாகக் கேட்டால் விரிசல். நான் உள்ளே ஈரச் சாக்கைத் திணித்து வைப்பேன். சந்தேகத்தோடு போய், அடுத்த ஞாயிறும் வந்து, உட்கார்ந்து ரேஸ் கதை பேசுவார்கள்.

இன்று ஒருவர் கையை விட்டுச் சாக்கை உருவிவிட்டார்.

"என்னடா தம்பி இது?"

"அதுக்குக் குளிருதுண்ணே."

சிரித்துக்கொண்டே வேனில் ஏற்றினார்கள்.

"அடுத்த வாரம் வருவீங்களாண்ணே?"

"இனிமே இங்க என்னடா இருக்கு?"

கியர் பாக்ஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுங்கள்.